நோயுற்ற குழந்தைக்கு என்ன ஊட்டுவது, என்ன குடிக்கக் கொடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை தொடங்கியதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கங்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, எதையும் சாப்பிட மறுக்கிறது, எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது? ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. நேற்றிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போகிறான். குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறான். வயிற்றைக் காயப்போட்டால்தான் நிற்கும் என்று சொல்லி என் மாமியார் பாலையும் சோற்றையும் நிறுத்திவிட்டு, ஜவ்வரிசிக் கஞ்சியும் ரஸ்க்கும் மட்டும் கொடுக்கிறார். மருந்துக்கடையில் ஆரஞ்சுச் சுவையுள்ள ஒரு அட்டைப்பெட்டிப் பானம் கொடுத்தார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றும் வீட்டில் இருந்தது; கொடுத்துப் பார்த்தேன், போக்கு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி தொக்கம் எடுக்கச் சொல்கிறார். எது சரி?
— ஒரு தாய், காரைக்குடி

பதில்: இது அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி என்பதால் உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலிருந்து அரை லிட்டர் நீர் வெளியேறினால், அது அவன் எடையில் 5 சதவீதம். நீரிழப்பின் அறிகுறிகள் வெளியே தெரியத் தொடங்கும் அளவு அது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அதே நிலை வருவதற்கு 3 லிட்டர் வெளியேற வேண்டும். குழந்தைக்கு அரை லிட்டர் என்பது நாலைந்து முறை தண்ணீராகப் போனாலே போய்விடக்கூடியது. ஆகவே வயிற்றுப்போக்கில் குழந்தையைக் காப்பது போக்கை நிறுத்துவது அன்று, போன நீரையும் உப்பையும் போகப் போக ஈடுசெய்வதுதான். 'லங்கணம் பரம ஔஷதம்', அதாவது பட்டினியே சிறந்த மருந்து என்று பெரியவர்கள் சொல்வது பெரியவர்களின் உடம்புக்கு ஒருவேளை பொருந்தலாம். ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலில் பட்டினியைத் தாங்கும் சேமிப்பு மிகக் குறைவு. உங்கள் மாமியாரிடம் இதை மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

கரைசல் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காது, அதற்காக அதைக் கொடுப்பதும் இல்லை. வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை தன் போக்கில் நீடித்துத் தானாக அடங்கும். அந்த நாள்களில் குழந்தை வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் கரைசலின் வேலை. இதை அறியாமல், இரண்டு தேக்கரண்டி கொடுத்துவிட்டு 'பலனில்லை' என்று கைவிடும் தாய்மார்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் ஆபத்தான நிலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கரைசலில் என்ன இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி, ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. நோயுற்ற குடலில் உப்பு தனியாக உள்ளே போகத் திணறும்போதும், குளுக்கோஸோடு சேர்ந்து வரும் உப்பைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த இரண்டின் பின்னால் தண்ணீரும் உள்ளே போய்விடுகிறது. அளவு சரியாக இருந்தால்தான் இது நடக்கும். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உப்பு கூடினால் குழந்தையின் மூளையையே பாதிக்கக்கூடும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலநபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத உறவினர்கள். நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த இறப்பு அங்கே 4-க்கும் கீழே இறங்கியது. அந்த உறவினர்கள் செய்ததை நம் வீட்டு அடுப்படியில் நாமும் செய்ய முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த ஆரஞ்சுச் சுவைப் பானத்தை நிறுத்திவிடுங்கள். பழரசங்களிலும் குளிர்பானங்களிலும் ஒரு லிட்டருக்குப் பெரும்பாலும் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். மருந்துக் கரைசலில் இருப்பது 13.5 கிராம். உப்பு-சர்க்கரைக் கரைசலின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பெட்டியின் மேல் பெயரோடு சேர்த்து அச்சிட்டு விற்கப்பட்ட இனிப்புப் பானங்களை நம்பிப் பல பெற்றோர் ஏமாந்திருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் அந்த எழுத்துகளை அத்தகைய பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்கப்பட்டது என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இது இலவசமாகவே கிடைக்கும்.

கரைக்கும் முறையில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் தூளை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த டம்ளரில் உப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வீட்டுச் செம்பு எத்தனை மில்லி பிடிக்கும் என்பதும் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே நேரத்தில் கரைத்து, மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைக்கிறது. சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு அது வசதி. கரைசலில் பாலோ, பழச்சாறோ, கூடுதல் சர்க்கரையோ சேர்க்காதீர்கள். அதைக் கொதிக்கவைக்கவும் வேண்டாம். நள்ளிரவில் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து விடியும்வரை சமாளிக்கலாம்.

இனிக் கொடுக்கும் முறை. ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பின்பும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இதை டம்ளரில் கொடுத்தால் நிச்சயம் வெளியே வந்துவிடும், ஏனெனில் தாகத்தில் அது ஒரே மூச்சில் குடித்துவிடும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்திருந்து, குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் ஒரு வாய் கொடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த வாய். குழந்தை இன்னும் வேண்டுமென்று கரண்டியைப் பிடித்து இழுக்கும், அப்போதும் பொறுங்கள். இப்படியே ஒரு மணி நேரம் கொடுத்தால் 150 மில்லி உள்ளே போயிருக்கும். நிமிடத்துக்கு ஒரு கரண்டி தாங்குகிற குழந்தைக்கு 300 மில்லி. இடையில் ஒரு முறை வாந்தி வந்தாலும் கொடுத்ததில் பெரும்பகுதி தங்கிவிடும். கை வலிக்கும்; வீட்டில் ஆள் மாற்றி ஆள் உட்காருங்கள். அப்பச்சியோ ஐயாவோ பங்கெடுத்துக்கொள்ளக் கூடாத வேலை எதுவும் இதில் இல்லை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், இரவில் மட்டும் குடிப்பவன் பகலிலும் கேட்டால் கொடுங்கள். பசும்பால் பழகிய குழந்தைக்கு அதையும் வழக்கம்போலக் கொடுக்கலாம், தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை. சோற்றைப் பொறுத்தவரை, வாந்தி கொஞ்சம் அடங்கி மூன்று நான்கு மணி நேரத்துக்குள்ளாகவே ஊட்டத் தொடங்கலாம்: குழைய வேகவைத்த சோற்றில் பாசிப்பருப்பை மசித்து, உப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் விட்டுக் கொடுங்கள், இட்லியைத் தயிரில் ஊறவைத்துக் கொடுங்கள், கனிந்த வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர் எல்லாம் நல்லவை. மூன்று வேளை நிறையக் கொடுப்பதைவிட, ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே. புரதம் ஏறக்குறைய இல்லை. ஒரு கிண்ண நீர்க்கஞ்சியில் போடும் 10 கிராம் ஜவ்வரிசி தருவது சுமார் 35 கலோரி. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 1000 கலோரி. மூன்று நாள் அதை மட்டும் குடித்த குழந்தை வயிற்றுப்போக்கால் மட்டும் மெலிவதில்லை, பட்டினியாலும் மெலிகிறது. ரஸ்க்கும் அப்படியே. கஞ்சி வேண்டுமென்றால் அதில் பருப்பையோ பாலையோ சேர்த்துக் கெட்டியாகக் கொடுங்கள்.

இவற்றோடு துத்தநாக மாத்திரையும் தேவை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள்கள். ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டால் தானே கரைந்துவிடும். போக்கு நான்காம் நாளே நின்றாலும் 14 நாளையும் முடியுங்கள். இப்போதைய போக்கைக் குறைப்பதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடியும் வராமலிருக்கவும் அது உதவுகிறது. பெரியவர்களுக்கு வாங்கி வைத்திருக்கும், போக்கை நிறுத்தும் மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பது மிக ஆபத்தானது. குடலின் அசைவையே அது முடக்கிவிடும்.

தொக்கம் எடுக்க வேண்டாம். தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியிருப்பதாகச் சொல்லி எடுத்துக்காட்டப்படும் எதுவும் உங்கள் மகனின் நோய்க்குக் காரணமன்று. அங்கே போய்க் காத்திருக்கும் அரை நாள்தான் பெரிய இழப்பு. கைக்குழந்தைகளுக்கு 'உச்சி விழுந்துவிட்டது' என்று சொல்லி மேலண்ணத்தைத் தூக்கிவிடுவதும் இப்படிப்பட்டதே. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது நீர் வற்றியதன் அடையாளம். அண்ணத்தைத் தூக்குவதால் அது சரியாகாது, நீர் கொடுத்தால்தான் சரியாகும்.

கண்கள் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகாமல் மெதுவாகப் படிதல், மலத்தில் இரத்தம், கொடுத்த ஒவ்வொரு கரண்டியும் வெளியே வருதல், பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து மறுபடி தூங்கிவிடுதல், குடிக்கவே முடியாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும், குழந்தை விழிப்போடு இருந்தால், கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஊரணித் தண்ணீரை மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம், குழந்தைக்கு மட்டும் காய்ச்ச வேண்டுமா? வயிற்றுப்போக்குக்கு இளநீர் போதாதா?
— வாசகர், கண்டனூர்

பதில்: காய்ச்ச வேண்டும். மழைநீரைச் சேர்த்து வைக்கும் ஊரணிகள் செட்டிநாட்டின் பெருமைதான். ஆனால் முதல் மழையில் தெருவின் அழுக்கும் அதில்தான் வந்து சேர்கிறது. தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி வைத்து, கைப்பிடியுள்ள கரண்டியால் மட்டும் மொண்டு கொடுங்கள். காய்ச்சிய நீருக்குள் டம்ளரைக் கைவிரலோடு முக்குவதால் கெட்டுப்போவதே அதிகம். கேன் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் வயிற்றுப்போக்கில் முதன்மையாக இழக்கப்படும் சோடியம் குறைவு. ஆகவே கரைசலோடு சேர்த்து, அப்போதே வெட்டிய இளநீரைக் கொடுக்கலாம். கரைசலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இரண்டே கால் வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். சளி கட்டும் என்று பால், தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். மிளகு ரசச் சோறும் பருப்புத் தண்ணீரும்தான் கொடுக்கிறோம், அதையும் துப்பிவிடுகிறாள். மகள் பொறுமையிழந்து, மடியில் படுக்கப்போட்டு மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுகிறாள். ஆயாவாக எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. என்ன செய்வது?
— ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் மனம் சரியாகவே பதறியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் மூக்கைப் பிடித்தால் அது வாயால்தான் மூச்சை இழுக்கும். இழுக்கும் அந்த நொடியில் வாயிலிருக்கும் கஞ்சியோ மருந்தோ நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் வரும் நிமோனியா, வந்த காய்ச்சலைவிடப் பன்மடங்கு கொடியது. சங்கு வீட்டில் இருக்கட்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, தானாக வாய் திறந்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

காய்ச்சலில் பசி குறைவது இயல்பு. இரண்டு மூன்று நாள்கள் சோறு குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது, பின்னால் ஈடுகட்டிவிடலாம். குடிப்பது குறையக் கூடாது. உடல் சூடேறும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நீர் கூடுதலாக வெளியேறுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அரை மணிக்கு ஒரு முறை நாலு வாய் ஏதாவது உள்ளே போகட்டும்: தண்ணீர், மோர், பால், கஞ்சி, இளநீர், எது அவளுக்குப் பிடிக்கிறதோ அது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா, அதன் நிறம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். போதுமான அளவு குடிக்கிறாளா என்பதற்கு அதைவிட நம்பகமான அடையாளம் வீட்டில் இல்லை.

பால் சளியைப் பெருக்குவதில்லை. குடித்தபின் தொண்டையில் கொஞ்சம் கெட்டியாக உணர்வது பாலின் தன்மை. நோய் கூடியதன் அடையாளமன்று. தயிரும் வாழைப்பழமும் அப்படியே; குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே கொடுக்காமல் அறையின் வெப்பத்துக்கு வந்தபின் கொடுங்கள், போதும். சோறு இறங்காத குழந்தைக்குச் சத்தும் நீரும் சேர்ந்து கிடைக்கும் இந்த மூன்றையும் நிறுத்திவிட்டால் கொடுப்பதற்கு என்னதான் மிஞ்சும்?

பருப்புத் தண்ணீரில் மேலே தெளிந்து நிற்பது தண்ணீர்தான்; பருப்பு அடியில் இருக்கிறது. அடியிலிருப்பதை மசித்து ஊட்டுங்கள். ரசச் சோற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. காரத்தைக் குறைத்து, மசித்த பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேருங்கள். அந்த ஒரு கரண்டி நெய் மட்டும் சுமார் 40 கலோரி தரும். இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பதையும், காரம் குறைத்து வைத்த தண்ணிக்குழம்பில் சோற்றைக் குழைத்துக் கொடுப்பதையும் பல குழந்தைகள் காய்ச்சலிலும் ஏற்றுக்கொள்கின்றன.

மூன்றாம் நாள் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இது டெங்குக் காலம். காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தால் மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. சூடு தணிந்துவிட்டதென்று வீடே நிம்மதியடையும் அந்த நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இவ்வளவு சிறிய குழந்தைக்கு நிலவேம்புக் குடிநீரையோ பப்பாளி இலைச்சாற்றையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அந்தக் கசப்பில் வாந்தி எடுத்து உள்ளே போன நீரையும் இழந்துவிடுவாள்.

கேள்வி: இரண்டு வயது மகனுக்கு வாயெல்லாம் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள். தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்று அழுகிறான். அம்மன் போட்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், புதுவயல்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கை-கால்-வாய் நோயாகத் தெரிகிறது, மருத்துவரிடம் ஒரு முறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கும் அம்மைக்கும் தொடர்பில்லை, ஏழு முதல் பத்து நாளில் தானாக ஆறிவிடும். இதில் பயப்பட வேண்டியது கொப்புளத்துக்கு அன்று, வலிக்குப் பயந்து குழந்தை குடிக்காமல் போவதற்குத்தான். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி கழித்து, வலி மட்டுப்பட்டிருக்கும்போது ஊட்டுங்கள். இந்த நோயில் மட்டும் குளிர்ச்சியே நல்லது: குளிர்ந்த பால், புளிக்காத தயிர், தயிர்ச்சோற்றை அரைத்து ஆறவைத்தது, ஆறிய ராகிக் கூழ், இளநீர். ஒரு வாய் ஐஸ்கிரீம் கேட்டாலும் மறுக்காதீர்கள்; தொண்டையை மரக்கச் செய்து அடுத்த வாயை உள்ளே அனுப்பும். ஆரஞ்சு, எலுமிச்சை, தக்காளி, மிளகு, சூடான ரசம் எல்லாம் புண்ணில் பட்டு எரியும். ஒரு முறை எரிந்தால் அதன்பின் கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான். அவனுடைய டம்ளரும் கரண்டியும் தனியாக இருக்கட்டும், ஏனெனில் இது வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றும்.

கேள்வி: இருமலுக்குத் தேன் கொடுக்கலாமா? இருமல் மருந்து?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், இரவு இருமல் தணியும். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் தசைகளையே செயலிழக்கச் செய்யும். இருமல் மருந்தை நீங்களாக வாங்க வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தரக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் துறையும் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. சளி இளக வெதுவெதுப்பான தண்ணீரும் கஞ்சியும் போதும். இன்னொரு முக்கியமான விஷயம்: இருமும் குழந்தையின் கையில் சீடை, முறுக்குத் துண்டு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எதையும் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் பலகாரத் தூக்கு எப்போதும் நிறைந்திருக்கும், அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவோம். இருமலின் நடுவே இழுக்கும் மூச்சில் அது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சரியாகி ஒரு வாரம் ஆகிறது. மகள் மெலிந்துவிட்டாள். சோற்றைத் தொடுவதில்லை, பாட்டிலில் பால் மட்டும் கேட்கிறாள். அவளுடைய அப்பத்தா பசிக்கு ஏதாவது டானிக் வாங்கச் சொல்கிறார். எது நல்லது?
— ஒரு தாய், கோனாபட்டு

பதில்: டானிக் தேவையில்லை. பசியைத் தூண்டும் மருந்துகள் தூக்கத்தையும் சேர்த்தே தருகின்றன. நிறுத்தியவுடன் பசியும் போய்விடும். விலை உயர்ந்த சத்துப்பொடிகளில் பலவற்றில் சர்க்கரையே கணிசமாக இருக்கிறது.

நோய் நீங்கிய பின்வரும் இரண்டு வாரம் அவளுக்கு மிக முக்கியமான காலம். வழக்கமான வேளைகளோடு நாளொன்றுக்கு ஒரு வேளையைக் கூடுதலாகச் சேர்த்து இரண்டு வாரம் கொடுங்கள். அந்தக் கூடுதல் வேளைக்கு நம் பக்கத்துக் கும்மாயத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. உளுந்தையும் பாசிப்பருப்பையும் பச்சரிசியையும் வாசம் வர வறுத்து அரைத்த மாவு, வெல்லமோ கருப்பட்டியோ, நெய்: புரதமும் கொழுப்பும் மாவுச்சத்தும் ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிடுகின்றன. ஆடி மாதத்துக்கென்று காத்திருக்காமல் மாவை வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் கிண்டும்போது வெல்லத்தைக் குறைத்து, பாலும் தண்ணீருமாக விட்டு, கட்டியில்லாமல் தளர்வாகக் கிண்டி, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இறக்குங்கள். உருட்டும் பதம் தொண்டையில் ஒட்டும். இனிப்பு வேண்டாம் என்பவளுக்கு, அவித்த முட்டையை மசித்துச் சோற்றில் கலந்தோ, முள் நீக்கிய மீனைப் பருப்போடு பிசைந்தோ கொடுக்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வீணாக்காமல் பாலில் காய்ச்சிக் கொடுங்கள்.

சோற்றைத் தொடாததற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாட்டில்தான். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றில் சோற்றுக்கு இடமிருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் சோகையும் வரும், சோகை வந்தால் பசி இன்னும் குறையும். பாலை டம்ளருக்கு மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கொடுக்காதீர்கள். நீங்கள் சாப்பிட உட்காரும்போதே அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தட்டில் கொஞ்சமாகப் போட்டு, கையால் அளைந்து தின்ன விடுங்கள். பாதி கீழே சிந்தும். அதற்காகத் திட்ட வேண்டாம். அரை மணிக்குள் முடிந்தது முடியட்டும், தட்டோடு வளவு முழுக்கத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

அங்கன்வாடியில் இன்று ஒரு முறை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறியிருந்தால் கவலையில்லை. ஏறவில்லை என்றாலோ, போக்கு மீண்டும் தொடங்கி மொத்தமாக 14 நாளைத் தாண்டினாலோ, அந்தக் குறிப்போடு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். துத்தநாக மாத்திரையை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.